கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே நின்றவருக்கு

எங்கள் கண் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையைக் கட்டிக் காத்தவரும், காத்திருப்பதையே ஒரு கலையாகக் கற்றவரும், தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடியே இத்தனை ஆண்டுகளும் தேநீர் அருந்தியவரும், இன்று பணி நிறைவு பெறுபவருமாகிய எங்கள் 'லைன் அக்கா' அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் அனைவரும் ஒன்றுகூடி உவந்தளிக்கும் மடல்.

அன்பும் அடமும் ஒருங்கே அமைந்த அக்கா!

மடல் எழுதும் பொறுப்பு மருந்தகத்தின் தலையில் விழுந்தது. சொட்டு மருந்து கொடுத்துப் பழகிய கைக்குச் சொல் மழை பொழியத் தெரியாது. "கடல்னும் மலைன்னும் எழுதிடுங்க, போதும்" என்றார்கள் வரவேற்பு மேசையினர். தாங்கள் கடலும் அல்லர், மலையும் அல்லர். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகும் ஒரு பெண்மணி. அந்தத் தாழ்ந்த குரலுக்குத்தான் தலைமை மருத்துவர் முதல் காவலாளி வரை நாங்கள் எல்லோரும் அஞ்சினோம்.

பொறுமைக்கே பொறுமை கற்பித்தவரே!

கண்ணழற்சிக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுத மருத்துவருக்கு ஒரு நிமிடம் போதும். அதற்குக் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் வாங்குவதோ வேறு கதை. விலை குறைந்ததை முதலில் போட்டுப் பார்க்கட்டும் என்பார்கள்; முன் அனுமதி எங்கே என்பார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அழைத்தால் முதலில் இசை வரும், பிறகு நம் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் வரும், பிறகு மறுபடியும் அதே இசை. மற்றவர்கள் அலுத்துப்போய் வைத்துவிடும் இடத்தில், "நான் லைன்ல இருக்கேன்" என்று தாங்கள் அசையாமல் அமர்ந்திருப்பீர்கள். பெயர் அப்படித்தான் வந்தது. அந்த இசையைப் படியேறும்போதும் அலமாரி திறக்கும்போதும் தாங்கள் முணுமுணுத்து முணுமுணுத்து, இப்போது மருந்தகம் முழுவதும் அதையே முணுமுணுக்கிறது. இது பாராட்டு அன்று, புகார்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இம்மடல் நிறைவு பெறாது. பல மாடி உயரத்தில் அமர்ந்து, இரும்பு உத்தரத்தை இம்மியும் பிசகாமல் இறக்கி வைக்கும் கிரேன் ஓட்டுநர் ஒருவர் இந்தக் கண்ணழற்சிக்கு நம்மிடம் சிகிச்சை பெற்றார். மருந்து வேலை செய்தது. கண்ணின் சிவப்பு வடிந்தது. ஆயினும் அம்மருந்தைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அழற்சி முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பி, பார்வையையே பறித்துவிடக்கூடும். பார்வை போனால் கிரேனும் போகும். அவருக்கோ மாதம் முழுவதும் வர வேண்டிய புட்டி பாதி மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. நாள் ஆகாமல் அடுத்த புட்டி கிடையாது என்றது காப்பீடு.

"பரவாயில்லைங்க, சிவப்புதான் போயிடுச்சே. நாள் வர்ற வரைக்கும் விட்டுடறேன்" என்று அவர் வாசலை நோக்கி நடந்தார்.

தங்கள் குரல் தாழ்ந்தது. "உக்காருங்க தம்பி. மருந்து எப்படி விடுறீங்கன்னு காட்டுங்க."

செயற்கைக் கண்ணீர்ப் புட்டி ஒன்றைக் கொடுத்தோம். அண்ணாந்தார். சொட்டு இறங்குமுன் கண் இறுக மூடிக்கொண்டது. முதல் சொட்டு கன்னத்தில், அடுத்தது தாடையில். ஆகாயத்துக்கு அஞ்சாத மனிதர் ஒரு சொட்டுக்கு அஞ்சினார். கண்ணுக்கு எழுதிய மருந்தைக் கன்னம் குடித்துக்கொண்டிருந்தது.

உடனே காப்பீட்டு நிறுவனத்தில் தாங்கள் வழக்கமாகப் பேசும் ஒப்புதல் அதிகாரியை அழைத்தீர்கள். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டோம்.

"இவ்வளவு சீக்கிரம் தீர வாய்ப்பே இல்லம்மா" என்றார் அவர்.

"பாதி கன்னத்துக்குப் போகுது சார்."

"கன்னத்துக்குக் காப்பீடு இல்லம்மா."

தாங்கள் சண்டைக்குப் போகப் போகிறீர்கள் என்று நினைத்தோம். தாங்களோ, "சார், உங்க மேசையில கண்ணுக்கு விடுற மருந்து ஏதாவது இருக்கா?" என்றீர்கள்.

"கம்ப்யூட்டர் பாத்துப் பாத்து எரியுதுன்னு ஒண்ணு வெச்சிருக்கேன். ஏன்?"

"நீங்களே ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. நான் லைன்ல இருக்கேன்."

"சரி, கொஞ்சம் லைன்ல இருங்க" என்றார். இசை ஒலித்தது. மருந்தகமே தங்கள் மேசையைச் சூழ்ந்து நின்றது. கிரேன் ஓட்டுநர் கையில் வெறும் புட்டியோடு நின்றார். இசை நின்றது.

"சட்டை நனைஞ்சிடுச்சும்மா" என்றது குரல். "அவருக்குப் புட்டியைக் கொடுத்துடுங்க. ஒப்புதல் அனுப்பறேன்."

அவர் அத்தோடு விடவில்லை. தம் நிறுவனத்துக்குள்ளேயே வாதாடி, கண் சொட்டு மருந்தை மட்டும் நாளுக்கு முன்பே வாங்கிக்கொள்ளலாம் என்று விதியை மாற்ற வைத்தார். முகமறியா எத்தனையோ பேரின் கண்கள் இன்று அதனால் பிழைக்கின்றன. மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையில் சொட்டு விட்டு, பிறகு இமை திறக்க ஓட்டுநருக்குத் தாங்கள் கற்றுக்கொடுத்தீர்கள். "மூடிக்கிட்டே விடலாமா? இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவர் எங்களைக் கேட்டது நியாயமே. மருந்தை முறையாகக் குறைத்து முடித்து, பார்வைச் சோதனையில் தேறி, மறுபடி மேலே ஏறினார். தங்கள் ஜன்னலுக்கு எதிரே எழும் கட்டடத்தின் கிரேனில் இருப்பவர் அவர்தான்.

அக்கா, நாளை அந்த நாற்காலியில் தாங்கள் இருக்கமாட்டீர்கள் என்பது வருத்தமாக இருக்கிறது. ஆனால் தங்களிடம் வேலை பழகியவர் நேற்று அந்த இசையை முணுமுணுத்தபடி படியேறினார். அதைக் கேட்டதும் எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் கண்ணாடிக்காரர் யாரென்று தாங்கள் யோசித்திருப்பீர்கள். இத்தனை ஆண்டுகள் தொலைபேசியில் பேசியும் முகம் பார்த்ததில்லை அல்லவா? உலர்ந்த சட்டையோடு வந்திருக்கிறார். இம்மடலைத் தங்கள் கையில் தரப்போகிறவர் அவரே. வாழ்த்துரை எதுவும் வேண்டாம், வழக்கமாகச் சொல்வதையே சொல்லுங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டோம். உடல்நலமும் மனநிறைவும் ஓங்க, தங்களுக்கு எங்கள் அனைவரின் வாழ்த்தும் அதுவேதான்:

"கொஞ்சம் லைன்ல இருங்க."

அவர் சொல்லும் 'கொஞ்சம்' எவ்வளவு நீளம் என்பது தங்களுக்குத் தெரியாததா?

என்றும் தங்கள் இசையை முணுமுணுக்கும்,
மருந்தகத்தார், வரவேற்பு மேசையினர், செவிலியர், மருத்துவர்கள்