பிராதுல எதிரி பேரு புழு

...இல்ல தம்பி, நீங்க யாரா இருந்தாலும் கேட்ட தொறக்க மாட்டேன். அப்டி ஓரமா நில்லுங்க. இந்த வாட்ச்மேன் வேலையே இப்ப ஊசலாடிக்கிட்டு கெடக்குது. போன மாசம் மொதலாளியோட மச்சான் பின்பக்கமா, களிமண்ணு கொட்டுற வழியா வந்தாரு. திருடன்னு நெனச்சி தடியால ரெண்டு வச்சிட்டேன். "ஏ பாவாடை, இன்னொருவாட்டி எஞ் சொந்தக்காரன் கிட்ட வம்பு பண்ணுன, வூட்டோட போயிடு"ன்னுட்டாரு மொதலாளி. அதுலேருந்து யாரையும் அடிக்கறதில்ல. உள்ள வுடறதும் இல்ல.

என்னா, தலையப் பாக்குறீங்களா? தாராளமா பாருங்க, தொத்தாது. புழுவெட்டு. ஒரு நாளு தலை சீவுறேன், முடி கொத்தா வந்துட்டுது. தடவிப் பார்த்தா ரூவா காசாட்டம் வட்டமா, வழவழன்னு... நம்ம கம்பெனி பீங்கான் பொம்ம கூட இப்டி மின்னாது. எங்க வூட்டுக்காரி காசியம்மாள் சின்ன வெங்காயத்த அரைச்சி தேய்ச்சா. எரிச்சல்தான் மிச்சம். டார்ச்சு அடிச்சி புழுவத் தேடுனா, ஆப்புடல. எனக்கு வந்துது பாருங்க கோவம், நேரா மணவாளநல்லூரு போயி கொளஞ்சியப்பர் கோயில்ல, போலீசுல புகார் குடுக்குறாப்ல, சாமிக்குப் பிராது எழுதிக் கட்டிட்டேன். எதிரி பேரு, புழு. விலாசம், எந் தலை, பின்பக்கம்.

சிரிக்காதீங்க தம்பி. அப்பறந்தான் தோலு டாக்டரம்மா சொல்றாங்க, புழுவே கெடையாதாம். உடம்புக்குள்ள காவலுக்கு ஒரு படை இருக்குதாம். அது நம்ம முடியவே வெளியாளுன்னு நெனச்சி அடிக்குதாம். வேரு சாவலையாம், திரும்ப மொளைக்குமாம், வேற எடத்துல கொட்டுனாலும் கொட்டுமாம். ஊசி போட்டாங்க. இந்தா பாருங்க, நடுவுல வெள்ளையா பூனமுடி வந்திருக்குது. அதயாச்சும் வுட்டு வைக்கணுமே அந்த முட்டாப்பய... சொந்தக்காரன் யாரு, திருடன் யாருன்னு தெரியாதவன எவன் தம்பி காவலுக்கு வச்சது?

எதுக்கு இப்ப போன எங்கிட்ட நீட்டுறீங்க? எனக்கா... யாரு, மொதலாளிங்களா? வணக்கங்க. ஆமாங்க, கேட்டுல ஒருத்தரு, மழையில சட்டையெல்லாம் நனஞ்சிபோயி... மருமவப்புள்ளைங்களா? ஐயோ, கையே வைக்கலீங்க. நிக்கத்தான் வச்சேன். ரொம்ப நேரமால்லாம்... ஐயா, ஐயா...

வச்சிட்டாரு. இன்னியோட கணக்க முடிச்சிக்கன்னுட்டாரு.

வாங்க மாப்ள, உள்ள வாங்க. மண்ணு வழுக்கும், பாத்து. சட்டைப் பையில பேனா வச்சிருக்கீங்களே, அதக் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க. பிராதுல எதிரி பேர மாத்தி எழுதணும், காவக்காரன்னு.