பாதி மின்னிய படகு

அவையை ஆளும் தலைவர் அவர்களே, அனுபவத்தில் முதிர்ந்த பெரியோர்களே, பிள்ளையை இடுப்பில் சுமந்து படகுக்காகக் கரையில் நின்ற தாய்மார்களே! வணக்கம்! அஸ்ஸலாமு அலைக்கும்!

நாடெங்கும் போர், வழியெங்கும் சோதனைச் சாவடி. விக்டோரியா நீர்த்தேக்கத்தை வீதிவழியே சுற்றி மறுகரைத் தெல்தெனிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் நோயும் முற்றிவிடும். நமக்கு இருந்ததோ ஒரேயொரு பைபர் கிளாஸ் படகு. அதுவும் வெயிலில் வெந்து, வெளிறி, தொட்டால் சுண்ணாம்பாய்க் கையில் ஒட்டியது! "உக்கிய படகு, மறுமுறை வரும்போது இது இங்கே இருக்கக்கூடாது" என்றார் படகுகளைச் சோதிக்க வந்த சிங்களப் பரிசோதகர். விட்டோமா? விடுவோமா?

படகோட்டி மகேந்திரராசா கண்டிக்குப் போய், தேய்த்து மெருகேற்றும் வெள்ளைக் களிம்பு ஒரு டின் வாங்கினார். சாவடியில் சிப்பாய் மறித்தார். டின்னில் வெள்ளைக் களிம்பு, கொண்டுவருபவரோ யாழ்ப்பாணத்தார், வெடிமருந்தோ என்று சந்தேகம்!

"என்ன இது?"

"பொலிஷ்!"

"பொலிஸா?" சிப்பாய் சல்யூட் அடித்தார்.

சிரிக்கிறீர்கள்! மகேந்திரராசா சிரிக்கவில்லை, ஐயா, டின்னை நீட்டிக் கெஞ்சினார்.

"ஐயோ, பொலிஸ் இல்லை, பொலிஷ்! வள்ளத்துக்குத் தேய்க்கிறது!"

சிப்பாய் நம்பவில்லை. "தேய்த்துக் காட்டு" என்று ஜீப்பைக் காட்டினார். தேய்த்தார், மங்கிய பொனட்டில் மேகம் தெரிந்தது. ஜீப் முழுவதும் மின்னிய பிறகே வழி திறந்தது! டின்னில் மிஞ்சியது பாதிப் படகுக்குத்தான்.

படகின் பங்காளி பாயிஸாவும் அவரும் சவர்க்காரத்தால் கழுவினார்கள், ஈர சாண்ட்பேப்பரால் உரசினார்கள், களிம்பிட்டார்கள், மெழுகினார்கள். வலப்பக்கம் வைரம்! இடப்பக்கம் பழைய வறுமை!

பரிசோதகர் வந்தார். மேலே வீதியில் நின்று வலப்பக்கம் பார்த்தார். "புதுப்படகா? நல்லது, ஓடட்டும்!" துறைக்கு இறங்கி இடப்பக்கம் பார்த்தார். "இந்தப் பழசை அகற்றுங்கள்!"

மகேந்திரராசா கிசுகிசுத்தார்: "பேசாம இருங்கோ அக்கா, அகற்றிப்போட்டம் எண்டு சொல்லுவம்."

பாயிஸா பொய்க்குப் பணிவாரா? "சேர், ரெண்டும் ஒண்டுதான்! மேல்தான் வெளுத்திருக்கு, அடி உறுதி. நம்பாட்டி ஏறிப் பாருங்க. நானும் என் மகளும் வாறோம்."

ஏறினார். நடுநீரில் காற்று அறைந்தது, அலை மோதியது. பரிசோதகர் கம்பியை இறுகப் பிடித்தபடி அடித்தளத்தைத் தடவினார். ஒரு சொட்டு நீர் இல்லை!

சுற்றித் திரும்பி மீண்டும் நம் கரையை அடைந்தார்கள். பரிசோதகர் இறங்கக் காலைத் தூக்குமுன்னே தேயிலைத் தோட்டத்து நிறைமாதக் கர்ப்பிணி இராசமணி ஏறிவிட்டார். "எறங்காதீங்க ஐயா, எனக்கு வலி எடுத்திருச்சு! படகைத் திருப்புங்க!"

அனுமதி கொடுத்தது யார்? பரிசோதகரா? இல்லை, இராசமணி! யாழ்ப்பாணத்தார் ஓட்ட, முஸ்லிம் சகோதரி மடியில் தாங்க, சிங்கள அதிகாரி கைபிடிக்க, மலையகத் தாய் மறுகரை சேர்ந்தார். கலவரம் பிரித்த கைகளா அவை? கரைசேர்த்த கைகள்!

அன்று இராசமணிக்குப் பிறந்த மகள் இதோ முன்வரிசையில் தாய் மடியில் அழுகிறாள். என் குரலை அவள் குரல் வென்றுவிட்டது. மேடையை அவளிடம் ஒப்படைக்கிறேன். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி! வணக்கம்!