அழ ஆளில்லாதவர்கள்

தொண்டை கட்டியிருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. வெந்நீர் கொடுத்தது நல்லதாயிற்று. கடல்காற்றில் நாள் முழுக்கப் பாடுகிறவனுக்கு இது வழக்கம்தான்.

என் தொழில் கொலைச்சிந்து. எங்காவது கொலை நடந்தால் அதைப் பாட்டாகக் கட்டி, மட்டக் காகிதத்தில் அச்சடித்து, சந்தையில் கஞ்சிரா தட்டிப் பாடி விற்பேன். கடைசியில் செத்தவளே தன் வாயால் புலம்புவதுபோல் ஒரு பகுதி வரவேண்டும். அதைக் கேட்கத்தான் கூட்டம் நிற்கும்.

போன வருஷம் எண்ணூர்க் கழியில் ஒருத்தி பிணமாகக் கிடந்தாள். அவளை நான் தொடவில்லை. கொன்றது யாரென்று உங்களுக்கும் தெரியாது. யாரோ நாடோடி என்று சொல்லிப் புதைத்துவிட்டீர்கள். ராயபுரம் சந்தையில் அவள் கையேந்தி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நாயை விரட்டுவதுபோல் விரட்டினார்கள். அதே சந்தையில் அவள் புலம்பலைப் பாடினேன். விரட்டின அதே ஜனங்கள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நாதியற்ற பெண்ணுக்கு இந்த ஊரில் இரக்கம் கிடைக்க அவள் செத்துத்தான் ஆகவேண்டுமென்றால், அப்படியே ஆகட்டும் என்று முடிவு செய்தேன்.

ஐரீன் என்று ஒருத்தி, மாதா கோயில் வாசலில் கிடந்தவள். புத்தி தெளிவில்லை. பையன்கள் கல்லெறிவார்கள், பெற்றவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். என் தோளில் கிடந்த துண்டே போதுமானதாக இருந்தது. அவள் பேரில் சிந்து கட்டி நான் பாடியபோது அந்தத் தாய்மார்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். உயிரோடு இருந்தவரை அவளுக்கு யார் இவ்வளவு செய்தார்கள், சொல்லுங்கள்.

அடுத்தது ஜன்னத். வண்ணாரப்பேட்டைக்காரி. புருஷன் தலாக் சொல்லித் துரத்திவிட்டதால் திருவொற்றியூர் ரயில் பாதையோரம் கரி பொறுக்கிப் பிழைத்தாள். அவளைப் பற்றி வாய் கூசாமல் பேசினார்கள். அந்திநேரம் நான் போனபோது சுட்ட கருவாடு தின்றுகொண்டிருந்தாள். மீன்காரி குப்பம்மா கொடுத்தாள் என்று சொல்லி, எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

புலம்பலில் நிஜம் கொஞ்சம் கலந்தால்தான் கேட்பவர் மனம் இளகும். "குப்பம்மா தந்த கருவாடு தொண்டையிலே நிக்குதே" என்று ஒரு வரி வைத்தேன். சந்தையே அழுதது. குப்பம்மா மட்டும் அழவில்லை. கூடையை இறக்கிவிட்டு வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"ரெயில் ரோட்டாண்ட போவசொல்லோ குட்த்தேன். ஒர்த்தர்கிட்டயும் நான் சொல்லல. அவ துன்னசொல்லோ நீ இன்னாடா பண்ணிகினு இருந்தே?"

கஞ்சிரா என் கையிலிருந்து விழுந்துவிட்டது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். குப்பம்மா மேல் எனக்கு வருத்தமில்லை. மற்றவர்கள் மேல்தான் வயிறு எரிகிறது. என்னை அடிக்க வந்த கைகளில் ஒன்றுகூட ஜன்னத்துக்கு ஒரு வாய் கஞ்சி ஊற்றியதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன். இரக்கத்தால் கொன்றேன் என்பதையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். ஜன்னத்திடம் மறைக்கக்கூட இல்லை; உனக்காக ஊரே அழப்போகிறது என்று முன்னாலேயே சொன்னேன்.

"எனுக்காக யாரும் அய வாணாம்ணே. வுட்டுடு, நான் பொயச்சிக்கிறேன்" என்றாள்.

அதை மட்டும் பாட்டில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் பாட்டு கெட்டிருக்கும்.