பேதுரு திருநாள் ரொட்டி

உங்கள் காப்பியில் சர்க்கரை அதிகம். இருக்கட்டும், குடித்துவிட்டுச் சொல்கிறேன். எங்கள் சண்டையை விசாரிக்க வெளிநாட்டிலிருந்து வந்த துரைமார்கள் நீங்கள். உங்கள் ராஜாக்களும் இதே மாதிரிதான் நாடு சேர்த்தார்கள். என்னைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

என் பெயர் திராய்கோ. கழுதைகளில் சுமை ஏற்றிப் பிழைக்கிறவன். வார்தார் ஆற்றங்கரையில் எங்கள் ஊர். துருக்கிக்காரன் போனதும் அந்த மண்ணுக்கு இரண்டு ராஜாக்கள் அடித்துக்கொண்டார்கள். வடக்கே இருப்பவர் எங்கள் ராஜா. கிழக்கே இருப்பவர் என் மருமகன் மித்ரேவின் ராஜா.

மித்ரே வாய்க்கொழுப்பு பிடித்தவன். சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் கேட்டான்: "ஏன் மாமா, உங்க ராஜாவுக்கு நம்ம ஊர்ப் பேராவது தெரியுமா? ஆத்தோரமா கடல் வரைக்கும் போற ரயில்மேலதான் அவருக்குக் கண்ணு. உங்க கழுதைக்குக்கூட அது புரியும்." அவனுக்குக் கட்டிக்கொடுத்த என் மகள் தொடோராவும் சிரித்தாள். அதையெல்லாம் நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

எங்கள் படை வந்தது. கேப்டன் முதலில் ரயில் பாலத்தைப் பார்த்தார், பிறகுதான் ஊரைப் பார்த்தார். மித்ரே சொன்னது சரிதான். அதனால் என்ன? கடலுக்கு வழியில்லாத நாடு ஜன்னல் இல்லாத வீடு.

"பெரியவரே, பாலத்துக்குப் பக்கத்துல நம்ம ஆளுங்க மட்டும்தான் இருக்கணும். யாரு நம்ம ஆளுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாரும் ஒரே மாதிரி பேசித் தொலைக்கிறீங்களே" என்றார்.

வழி சொன்னவன் நான்தான். எங்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு குலப் புனிதர் உண்டு. அவர் திருநாளில் ரொட்டி சுட்டு, மர முத்திரை குத்தி, ஒயின் ஊற்றி வெட்டுவோம். வெட்டுகிற வீடு நம்முடையது, வெட்டாத வீடு கிழக்கு ராஜாவுடையது என்றேன். கையில் சுண்ணாம்புக்கட்டி கொடுத்தார். நம்மவர் வீட்டுக் கதவுகளில் சிலுவை போட்டுக்கொண்டே போனேன். மற்ற வீடுகள் காலி செய்யப்படும் என்றார். காலி என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை. கதவுகளை வெளியிலிருந்து கட்டக் கயிறு வேண்டும் என்றார், கொடுத்தேன். கழுதைச் சுமை தாங்குகிற கயிறு.

கிழக்கு ராஜா கட்சிப் பள்ளிக்கூட வாத்தியார் பேச்சைக் கேட்டு மித்ரே ரொட்டி வெட்டும் வழக்கத்தை விட்டுவிட்டவன். அவன் வாசலுக்கு நான் வந்தபோது உள்ளேயிருந்து ரொட்டி வாசம். மறுநாள் பேதுரு திருநாள். பேதுரு என் வீட்டுப் புனிதர். தொடோரா கை முழுக்க மாவோடு வந்தாள்.

"அவருக்குத் தெரியாம உங்களுக்காகத்தான் சுடறேம்பா. சாயங்காலம் கொண்டாந்து தரேன். கோவத்த விடுங்க."

சரி என்றேன். சிலுவை போடாமல் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன். மகள் அப்பாவுக்காகச் சுடுகிற ரொட்டி புருஷன் வீட்டுக் கணக்கில் சேராது. சட்டத்தில் சொந்தபந்தம் பார்க்கக் கூடாது.

மத்தியானம் தீ வைத்தார்கள். இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். தொடோரா அப்பா என்றுதான் கூப்பிட்டாள். நான் எதையும் மறைக்கவில்லை.

மறுநாள் காலையில் சாம்பலுக்கு நடுவே மண் அடுப்பு மட்டும் நின்றது. உள்ளே ரொட்டி, மேலே கொஞ்சம் கருகல். அதில் குத்தியிருந்தது என் வீட்டு முத்திரை. அவள் கல்யாணத்துக்கு நான் செதுக்கிக் கொடுத்தது. வழக்கப்படி ஒயின் ஊற்றி வெட்டினேன். கேப்டனுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன்.

"பாத்தீங்களா, என் பொண்ணும் நம்ம ஆளுதான்" என்றேன். அவர் மென்றுகொண்டே தலையாட்டினார்.

அந்தக் கதவில் சிலுவை போடாதவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அந்த ஊர் என்றைக்குமே எங்களுடையது. அதற்கு அந்த ரொட்டிதான் சாட்சி.