அசையாத அலமாரி

மார்ச் ஏழாம் தேதி காலை எங்கள் சமையலறைச் சுவரில் மேல் அலமாரியை மாட்டினார்கள். சொன்ன தேதிக்கு இரண்டு மாதம் தள்ளி.

அந்த இரண்டு மாதமும் காண்ட்ராக்டர் போனில் சொன்னது ஒன்றுதான்: "நாளைக்கு ஆள் வந்துருவாங்க சார்." மடியில் கனம் இல்லாதவர் ஏன் இப்படி நழுவ வேண்டும்? நல்ல பிளைவுட் என்று சொல்லி மட்டமானதைத் தலையில் கட்டிவிட்டார் என்று பட்டது. நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்தேன்.

என் மனைவி சிரித்தாள். "அவர் தும்மினாலும் உங்களுக்குச் சந்தேகம். லேட்டுதான், இல்லைங்கல. வேலை சுத்தமா இருக்கே."

அவர் வந்தால் கேட்காமலே டீ போடுவாள். எனக்குக் கேட்டால்தான். அதையும் கவனித்தேன்.

மன்றம் அனுப்பிய இன்ஜினியர் அலமாரியின் அடியைப் பிடித்துத் தொங்கியே பார்த்தார். இம்மி அசையவில்லை. "வீடு இடிஞ்சாலும் இது நிக்கும் சார்," என்றார். வாசலில் அவரும் காண்ட்ராக்டரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். இரண்டு பேரும் கூட்டு என்று அப்போதே புரிந்துவிட்டது.

மறு ஆய்வு கேட்டேன். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்கள். ஞாயிறு மதியம் மனைவி கடைக்குப் போயிருந்தபோது, அலமாரியைச் சுவரோடு பிடித்திருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். ஓரத்தில் ஒன்றை மட்டும் பாதியில் விட்டேன். உள்ளதை உள்ளபடி காட்ட வேறு வழியில்லை.

திரும்பி வந்தவள் கழுவிய பீங்கான் தட்டுகளை அதில் அடுக்க ஆரம்பித்தாள். நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். மரம் முனகுவது அங்கேயே கேட்டது.

"என்னங்க, இங்க என்னமோ சத்தம் வருது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

தள்ளி நில் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதை அவரிடம் போய்ச் சொல்லவும் செய்வாள்.

"உன் காண்ட்ராக்டரைக் கேளு," என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

ஐயா, காண்ட்ராக்டரை நீங்கள் பிடித்து வைத்திருப்பது தவறு. ஸ்க்ரூவைக் கழற்றியது நான். அவள் அடியில் நிற்பது தெரிந்தே பேசாமல் இருந்ததும் நான். அவர் உள்ளே இருந்தால் மன்றத்தில் பலகையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

நேற்று உங்கள் ஆள் அதை அறுத்துப் பார்த்தாராம். முதல் தரப் பலகைதானாம். அறுத்தவர் காண்ட்ராக்டருக்கு என்ன உறவு என்று கொஞ்சம் விசாரியுங்கள்.