நான் எதையும் சேர்க்கவில்லை

2003 நவம்பர் 17, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். தூறல் நிற்கவில்லை, மலையின் மேற்பாதி மேகத்துக்குள் இருந்தது. நான் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் காய்ச்சாத நீரைப் பருகுவதில்லை.

பின்னர் விசாரிக்க வந்த சுகாதார அலுவலர், காரணம் ‘மின்தடை’ என்று எழுதிக்கொண்டு போனார். அது பிழை. முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து பிறர் பிழைகளைத் திருத்தியவன் நான். இத்தாளை யாரிடமும் கொடுக்கும் எண்ணமில்லை. ஆயினும், சரியான படி ஒன்று எங்கேனும் இருக்க வேண்டும்.

என் பெயர் தன்யகுமார். த்ரிசலா என் தங்கை, என்னைவிடப் பதினாறு வயது இளையவள். கணவன் இறந்தபின் பத்தொன்பது ஆண்டுகளாக என்னுடன் இருக்கிறாள். நாங்கள் சமணர். பொழுது சாய்வதற்குள் என் உணவு முடிந்துவிட வேண்டும். அதை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், செங்கம் சாலையில் உணவகம் நடத்தும் அறிவுச்செல்வன் அவளுக்கு டெம்பே என்னும் இந்தோனேசியச் சோயா உணவைச் செய்யக் கற்றுக்கொடுத்தார். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவர் அதை விரும்பி உண்கிறார்கள். சோயாவை அரைப்பதில்லை, பிழிவதில்லை. ஊறவைத்து, தோல் நீக்கி, வேகவைத்து, நீரை வடித்து, வினிகர் கலக்க வேண்டும். பிறகு பூஞ்சைத் தூள் தூவி வாழையிலையில் கட்டி, சூட்டுக்காகப் பல்பு எரியும் பெட்டிக்குள் வைத்தால், முப்பத்தாறு மணி நேரத்தில் வெண்பூஞ்சை படர்ந்து பயறுகளை ஒரே கட்டியாகப் பிணைத்துவிடும். வினிகரின் புளிப்பு கெட்ட கிருமிகளை அண்டவிடாது. இதை எனக்கு விளக்கியவள் அவளேதான்.

பூஞ்சை பட்டதை நாங்கள் உண்பதில்லை. கேட்டால், “வாயில வெக்கலியேண்ணா, கையோட சரி” என்பாள். தான் செய்ததை அவள் ஒருமுறைகூடச் சுவைத்ததில்லை. மூக்கையும் விரலையும் நம்பியே செய்தாள்.

அக்டோபரில் அறிவுச்செல்வன் புதுச்சேரியில் இரண்டாவது கடையைத் தொடங்கினார். அதன் சமையற்கூடத்தை அவள் பொறுப்பில் விடுவதாகவும், மாடியில் தனி அறை தருவதாகவும் ஒரு தாளைக் கொடுத்தார். சம்மதமா இல்லையா என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அவள் புடவைகளை மடித்து அடுக்கத் தொடங்கினாள். “நீங்களும் வாங்கண்ணா” என்றாள். பிறர் வீட்டு மாடியில் வாழ்வதற்கு நான் பழகியவனல்லன்.

சனிக்கிழமை மாலை அவள் இலை நறுக்கக் கொல்லைக்குப் போனபோது, புட்டியிலிருந்த வினிகரைக் கொட்டிவிட்டு நீரை நிரப்பினேன். இரண்டுக்கும் நிறமில்லை. அவளுக்கு நான்கு நாட்களாகச் சளி. காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டிய நீரையே ஊற்றினேன்; பச்சைத் தண்ணீரில் உயிர்கள் இருக்கும்.

திங்கட்கிழமை காலை அவள் இலைக்கட்டைப் பிரித்து என்னிடம் நீட்டினாள்.

“பிசுபிசுன்னு இருக்குதுண்ணா. எனக்கு மூக்கு அடைச்சிக்கினு இருக்குது. கொஞ்சம் மோந்து பாருங்களேன்.”

அழுகிய வாடை ஐயத்துக்கு இடமின்றி இருந்தது.

“வழக்கம்போலத்தான்” என்றேன்.

உணவகத்தில் பாத்திரம் துலக்கும் எல்லம்மாள் டெம்பேத் தட்டுகளை எடுத்துப்போக வந்திருந்தாள்.

“இன்னா வாத்தியாரே, மோந்து பாத்து சர்டிபிகேட் குடுக்கற அளவுக்கு வந்துட்டீங்க? நாளைக்கு ஒரு துண்டு கடிச்சிடுவீங்க போல.”

“அண்ணனை வம்புக்கு இழுக்காதடி. எடுத்துக்கினு போ.”

“நீ பாண்டிக்குப் போய்ட்டா இவர வம்புக்கு இழுக்க வேற யாரு கீறாங்க? நான்தானே வரணும்.”

சிரித்துக்கொண்டே தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான்கைந்து பேருக்கு வயிறு கெடும், புதுச்சேரிப் பேச்சு அத்துடன் நின்றுவிடும் என்பது என் கணிப்பு. உணவகத்தில் மசாலா தடவிப் பொரித்ததில் வாடை அமுங்கியிருக்க வேண்டும்; ஒன்பது பேர் நோயுற்றனர். விடுதிகளில் தங்கியிருந்த எட்டுப் பேரும் மருத்துவம் பார்த்து நலமடைந்தனர். எல்லம்மாள் மிஞ்சிய துண்டுகளை மதியச் சோற்றோடு தின்றிருக்கிறாள். வயிற்றுப்போக்குக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்று வீட்டிலேயே படுத்திருந்தாள். மூன்றாம் நாள் இறந்தாள். அவள் தின்பாள் என்று நான் எண்ணவில்லை.

அறிவுச்செல்வன் பின்வாங்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்து, “ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்ல. அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்கக்கா? நம்ம பேச்சு அப்படியேதான் இருக்குது” என்றார். ஆக, அப்போதும் அவள் போயிருக்கலாம்.

அவர் சென்றதும் அவள் என் எதிரில் வந்து நின்றாள்.

“நான் ஒரு துண்டு வாயில வெச்சுப் பாத்திருந்தா எல்லம்மா இருந்திருப்பா இல்லண்ணா? உண்மையைச் சொல்லுங்க. கரண்டாலயா, என் கையாலயா?”

இரண்டும் இல்லை. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

“கைன்னுதான் தோணுதும்மா” என்றேன், மென்மையாக.

அதன்பின் பதினோரு நாட்கள் அவள் பல்புப் பெட்டியைத் தொடவில்லை. சமையல் மட்டும் நேரத்துக்கு நடந்தது. மடித்த புடவைகள் ஒவ்வொன்றாகக் கொடிக்குத் திரும்பின.

டிசம்பர் முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு, எனக்குப் பரிமாறி முடித்தபின், அந்தத் தாளைக் கொண்டுவந்தாள். ‘வர இயலாது. இனி எங்கும் சமைப்பதற்கில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தாள்.

“நீங்களே குடுத்துடுங்கண்ணா. எனக்கு இனிமே இந்த வீடுதான்.”

தாளை என் கையில் வைத்தாள். நான் ஒரு சொல்லாலும் வற்புறுத்தியதில்லை. முடிவு முழுவதும் அவளுடையது.