குறையில்லாத லென்ஸ்

பழைய லென்ஸ் வாங்க வருகிறவர்கள் முதலில் முன் கண்ணாடியைத்தான் பார்க்கிறார்கள். அதில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் முகம் சுளித்துக் கீழே வைத்துவிடுவார்கள். உண்மையில் முன்பக்கக் கீறல் படத்தில் தெரியவே தெரியாது. பின் கண்ணாடியில் விழும் கீறல்தான் படத்தைக் கெடுக்கும். பதினேழு வருடமாக நம் கடையின் பின்மேஜையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டவற்றில் இதுவும் ஒன்று.

முதலாளி, என் இழுப்பறையில் நீங்கள் கண்டெடுத்த லென்ஸில் பின்பக்கம் கீறல் எப்படி வந்தது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். நான் போட்டேன். ஸ்குரூடிரைவர் முனையால், காலை பதினொரு மணிக்கு, நீங்கள் முன்னால் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது. கைதவறிவிட்டது என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பீர்கள். என் கை தவறாது என்று நீங்களே பத்துப் பேரிடம் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பீர்கள். ஆனால் நீங்கள் கேட்டது ஒரு லென்ஸைப் பற்றி. சொல்ல வேண்டியது அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

தபால் அலுவலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் பெண்ணை உங்களுக்கு நினைவிருக்கும். வியாழக்கிழமைகளில் அரைநாள் வேலை முடித்து வருவாளே, விரல் நுனிகளில் முத்திரை மையோடு. அவளிடம் பழைய கேமரா ஒன்று இருந்தது. லென்ஸ் மட்டும் இல்லை. அவள் முதல்நாள் சொன்ன தொகையைக் கேட்டு, "அந்தக் காசுக்கு லென்ஸ் மூடி வேணா தரலாம்மா" என்று நீங்கள் சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள். பிறகு, "பழசா இருந்தா பரவால்ல சார். தூரத்துல இருந்து முகம் பக்கத்துல தெரியணும். அவ்வளவுதான்" என்றாள். நீங்கள் அவளைப் பின்மேஜைக்கு அனுப்பினீர்கள். "நம்ம பூதக்கண்ணாடியக் கேளுங்க. அவர் ஒரு தூசிய விடமாட்டார்."

நேரில் அவளிடம் 'நீங்க' என்றுதான் பேசினேன். இங்கே 'அவள்' என்று எழுதுவதை மன்னியுங்கள். மனதுக்குள் அப்படித்தான் பழகிவிட்டது.

ஏன் தூரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்டேன். அவளுக்கு ஒரு அக்கா. அம்மா இல்லாத வீட்டில் இவளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பி, தன் கல்யாணத்தையும் தள்ளிப்போட்டுக்கொண்டே போன அக்கா. அந்த அக்காவுக்கு இப்போது ஒரு நோய். தசைகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டு வருகின்றன. முகத்துக்கும் வரும், மூன்று நான்கு மாதத்தில் சிரிக்க முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மொபைல எடுத்துட்டுப் பக்கத்துல போனாலே கையால மூஞ்சிய மூடிக்குது. தூரத்துல இருந்து எடுத்தா மொபைல்ல மூஞ்சி தெளிவா வரல. சாயந்தரம் பால்கனியில உக்காந்து தெருவ வேடிக்கை பாக்கும்போது மட்டும் தன்னால சிரிக்கும். சமையல்கட்டு வாசல்ல நின்னு, அதுக்குத் தெரியாம ஒரே ஒரு படம் எடுக்கணும். அதுக்குத்தான்."

அந்தத் தூரத்துக்கு நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் சரியாக இருக்கும். பழையது என்றால் அவள் பணத்துக்கு எப்போதாவது ஒன்று அகப்படும். அன்று அலமாரியில் அப்படி ஒன்று இருந்தது. டார்ச் அடித்து அவளையே உள்ளே பார்க்கச் சொன்னேன். கண்ணாடி மேல் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல்கள். பூஞ்சை. ஈரத்தில் கிடந்த லென்ஸுக்கு வருவது. "இத வாங்காதீங்க. படமெல்லாம் பனிமூட்டமா வரும். கேமராவுக்கும் தொத்திக்கும்" என்றேன். அன்று நான் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. "வேற கடையா இருந்தா தலையில கட்டியிருப்பாங்க. ரொம்ப நன்றிண்ணா" என்றாள்.

அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். கடைசிவரை அப்படித்தான்.

அடுத்த வியாழக்கிழமை வந்தபோது ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகவரி எழுதாத கடிதங்களைப் பற்றிச் சொன்னாள். ஒருவர் உறை மேல் 'மாடி வீட்டு அத்தைக்கு' என்று மட்டும் எழுதிப் போட்டிருந்தாராம். எந்த ஊர் மாடி, யாருக்கு அத்தை என்று அலுவலகமே இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டதாம். நான் சத்தமாகச் சிரித்தேன். முன்னாலிருந்து நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். போகும்போது, "சாப்பிட்டீங்களாண்ணா?" என்று கேட்டாள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று நான் அன்று இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டு யோசித்தேன்.

அன்று காட்டிய லென்ஸில் ஃபோகஸ் வளையம் கொஞ்சம் ஆடியது. இருபது நிமிட வேலை. "இது நிக்காது. அடுத்த வாரம் வேற வரும்" என்றேன். வந்தது. அதில் நான் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். உள்ளே வெளிச்சத்தை அளவாக விடும் மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொண்டன. அவள் கண்ணெதிரிலேயே காட்டினேன். அவள் என்னைத்தான் பாராட்டினாள். அதற்கடுத்த வாரம் எதுவும் வரவில்லை. ஆனாலும் அவள் வந்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்புறம்தான் நீங்கள் சொல்லும் லென்ஸ். வயதான ஒருவர் பெட்டியோடு கொண்டுவந்து கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நீங்களே இரக்கப்பட்டு, லாபம் கூடப் பார்க்காமல், அவளுக்குப் போன் செய்து வரச் சொன்னீர்கள். என்னைக் கேட்டிருந்தால் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை. எனக்கு இருந்தது ஒரு மணி நேரம். ஸ்குரூடிரைவரை எடுத்தேன்.

அவள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. கீறலைக் காட்டிவிட்டு லென்ஸை என் இழுப்பறையில் போட்டேன். அன்று அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். "அக்காவுக்கு இடது பக்கம் உதடு மேல வரலண்ணா. வலது பக்கம் மட்டும்தான் சிரிக்குது" என்றாள். அப்போதுகூட அலமாரியில் இன்னொன்று இருந்தது. கொஞ்சம் விலை கூட. மீதியை நான் என் கையிலிருந்து போட்டிருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். படம் எடுத்து முடித்துவிட்டால் அவளுக்கு இந்தக் கடைக்கு வர என்ன காரணம் இருக்கும் என்ற எண்ணம் அதற்கு முன்னாலேயே வந்திருந்தது.

"வேற எங்கயாவது பாக்கவா?" என்று கேட்டாள்.

"பாருங்க. ஆனா வாங்கினதும் கேமராவுல மாட்டிடாதீங்க. பெட்டியப் பிரிக்காம அப்படியே என்கிட்ட கொண்டு வாங்க. ஃபங்கஸ் இருந்தா கேமராவும் போயிடும்" என்றேன்.

சொன்னபடியே செய்தாள். அதில் அவள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. விளம்பரம் பார்த்து யாரோ ஒருவரிடம் வாங்கினாள். திங்கட்கிழமை பெட்டி வந்தது. பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று பேச்சு. அவள் வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தாள். ஒட்டிய டேப்பைக் கூடக் கிழிக்காமல் என் மேஜை மேல் வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"செவ்வாக்கிழம அக்கா சிரிச்சுது" என்றாள்.

எதிர்க் கட்டடத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள் மெத்தையைக் கயிறு கட்டி வெளியே இழுத்து ஏற்றியிருக்கிறார்கள். படிக்கட்டில் திரும்பவில்லையாம். நடுவில் கயிறு நழுவி, இரண்டாம் மாடி பால்கனியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் மேல் மெத்தை உட்கார்ந்துவிட்டது. ஆள் மறைந்துபோய்விட்டார். ஒரு கை மட்டும் வெளியே, செய்தித்தாளை விடாமல் பிடித்தபடி. அக்கா சிரித்திருக்கிறாள். சத்தமே வராமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய. முகத்தை மூடிக்கொள்ளவே மறந்து.

"நான் சமையல்கட்டு வாசல்லதாண்ணா நின்னுட்டிருந்தேன். கரெக்டா அதே எடத்துல. கேமரா கையெட்டுற தூரத்துல இருக்கு. லென்ஸ் அலமாரியில பெட்டியோட இருக்கு. பிரிச்சு மாட்ட ஒரு நிமிஷம் ஆகும். நீங்க மாட்டாதீங்கன்னு சொன்னீங்களேன்னு…" அவள் நிறுத்தினாள். "புதன்கிழம காலையில இருந்து வலது பக்கமும் அசையல."

நான் டேப்பைக் கிழித்து லென்ஸை எடுத்தேன். டார்ச் அடித்தேன். இந்த வேலையில் அப்படி ஒரு கண்ணாடியை இரண்டு மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு தூசி இல்லை. தண்ணீர் மாதிரி இருந்தது. அவள் லென்ஸைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்காண்ணா?"

"இருக்கு."

"நெறையவா?"

"நடுவுலயே படர்ந்திருக்கு. போட்டிருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

"அப்போ அன்னிக்கு நான் எடுத்திருந்தாலும் வந்திருக்காதுல்ல?"

"வந்திருக்காது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். "ரெண்டு நாளா தூக்கமே இல்லண்ணா. அந்தப் பெட்டியப் பிரிச்சிருக்கணுமோ, பிரிச்சிருக்கணுமோன்னு… இப்பதான் மூச்சு வருது." மேஜைக்கு மேலே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் விரல்களில் மை ஒட்டியது. அந்த மையை நான் கழுவவில்லை. தானாகப் போக ஆறு நாள் ஆயிற்று.

லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் சொல்லித்தான்.

அதன்பிறகு ஒரே ஒருமுறை வந்தாள். அன்று நீங்கள் கடையில் இல்லை. அக்கா போய்ப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. மொபைலில் இருந்த ஒரே படத்தைக் காட்டினாள். கன்னம் கொஞ்சம், நெற்றி கொஞ்சம், நடுவில் விரித்த உள்ளங்கை. "இந்தக் கைய மட்டும் எடுத்துட முடியுமாண்ணா? உங்களுக்கு எல்லாம் தெரியுமே" என்றாள். மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருகிற வேலை எனக்குத் தெரியாது என்றேன். சரி என்று தலையாட்டினாள். ஸ்டூலை எடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போனாள். அவள் அக்கா சிரித்தால் எப்படி இருப்பாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நீங்கள் என்னை வேலையை விட்டு அனுப்புவீர்கள். அது நியாயம். இன்னும் வேறு யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், எங்கே கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்கிறேன். நான் எதையும் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஆனால் அந்த அக்காவின் கடைசிச் சிரிப்பு யாரிடமும் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். இதில் இரண்டு பேச்சு இல்லை.

அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை. அவள் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவது அந்த லென்ஸில் பூஞ்சை இருந்தது என்ற நம்பிக்கையில்தான். அவளுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.